உடம்பை முதலாக வைத்தவர்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு பிற்பகல். திருப்பதி ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தின் எடைமேடைமீது பதினாறு வயதுப் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். அம்மேடை மாம்பழக் கூடைகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் உரியதேயன்றி மானிடர்க்கு உரியதன்று. ஆயினும் பையனின் தந்தையார் நம் சங்கத்து அன்பர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்து, சித்தூரில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஆலையொன்றில் காவல் வேலை பார்ப்பவர். விடுமுறை நாளில் மகனை அழைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தவரின் மனம் நோகலாகாது என்று நானும் கண்டும் காணாதவன்போல் இருந்துவிட்டேன். எடைமேடை 71 கிலோ என்று காட்டியது.

“இன்னும் எவ்வளவு வேண்டும், அண்ணா?” என்று கேட்டான் பையன்.

“எதற்கப்பா?”

அவன் வாய் திறக்குமுன் தந்தையார் முந்திக்கொண்டார். “நீங்களே கேளுங்கள் தம்பி! இந்த வருஷம் பத்தாவது எழுத வேண்டியவன். படிப்பை நிறுத்திவிட்டு ஜப்பானுக்குப் போய் மல்யுத்தம் பண்ணப் போகிறானாம். மனசுக்குள்ளே பெரிய தாராசிங் என்று நினைப்பு!”

“தாராசிங் இல்லை அப்பா, சுமோ,” என்று திருத்தினான் பையன்.

அவனைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு அன்பர் தம் சட்டையைச் சற்றே தூக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. சித்தூர் வெல்ல மண்டியில் பதினொரு வருடம் மூட்டை சுமந்தவர் அவர். “நானும் உடம்பை நம்பித்தான் தம்பி இந்த ஊருக்கு வந்தேன். நாற்பத்திரண்டு வயதிலே அது என்னைக் கைவிட்டுவிட்டது. அவனிடம் இதைச் சொன்னால், ‘நீங்கள் மூட்டை தூக்கினீர்கள், நான் மனிதர்களைத் தூக்கப் போகிறேன்’ என்கிறான்,” என்றார்.

நேயர்களே, அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. “விசாரித்து நம் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்” என்று சொல்லி, இருவரையும் காட்பாடிப் பக்கம் செல்லும் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். பையன் சொன்ன சுமோவும் தந்தை சொன்ன தாராசிங்கும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றே அப்பொழுது எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, இரண்டும் ஒருமுறை ஒரே ஊரில், ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்த செய்தி தெரியவந்தது.

மல்லர் தொழில் இன்னது என்று ஆராய்வதற்கு என் போன்ற குமாஸ்தாவிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. எங்கள் இலாகாவில் ஒவ்வொருவருக்கும் ‘சர்வீஸ் ரிஜிஸ்டர்’ எனப்படும் பணிப் பதிவேடு இருக்கிறது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பதவி உயர்வு, ஊதிய உயர்வு, எடுத்த விடுப்பு, பெற்ற தண்டனை, ஓய்வு பெறும் நாள் யாவும் அதில் ஏறும். மனிதன் போய்விட்டாலும் அவன் மனைவிக்குச் சேர வேண்டிய ஓய்வூதியத்தை அந்தப் புத்தகமே பெற்றுத் தரும். அதே ஏட்டை மல்லர்களுக்கும் விரித்துப் பார்ப்போம் என்று துணிந்தேன்.

முதலில் சுமோ. வியப்பு என்னவென்றால், அங்கே பதிவேடு எங்களுடையதைக் காட்டிலும் கண்டிப்பானது. ‘பன்சுகே’ என்று ஒரு தர வரிசைப் பட்டியல். ஏறத்தாழ அறுநூறு மல்லர்களின் பெயர்கள் அதில் தூரிகையால் எழுதப்படும். உச்சியில் இருப்போர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே செல்லச் செல்ல எழுத்து மெலிந்து, கடைசி வரியைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படும். மனிதனின் தகுதியை எழுத்தின் பருமனாலேயே காட்டிவிடும் அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்பது! ஆண்டுக்கு ஆறு பெரும்போட்டிகள். ஒவ்வொன்றும் பதினைந்து நாள். மேல்நிலை மல்லர் நாளுக்கு ஒருமுறை மோதி எட்டு வெற்றி பெற்றால் பிழைத்தார். ஏழோடு நின்றால் அடுத்த பட்டியலில் கீழே இறங்க வேண்டியதுதான். எங்கள் இலாகாவில் பதவியிறக்கம் என்றால் பெருந்தண்டனை. விசாரணையும் மேல்முறையீடும் உண்டு. அங்கோ அது இரண்டு மாதத்துக்கொருமுறை வந்துபோகும் வாடிக்கை. எல்லார்க்கும் மேலான ‘யோகோசுனா’ ஒருவருக்கே இறக்கம் கிடையாது. தொடர்ந்து தோற்றால் அவர் தொழிலை விட்டே விலகிவிட வேண்டும்.

சம்பளக் கணக்கைக் கேட்டால் நம் பையனுக்கு மயக்கம் வரும். ஆறு நிலைகளில் மேலிரண்டு நிலையினர், அதாவது எழுபது பேர் மட்டுமே மாதச் சம்பளக்காரர்கள். மற்றவர்களுக்கு உணவும், பாய் விரித்துப் படுக்க இடமும், போட்டிக்குப் போட்டி சிறு படித்தொகையுமே கிட்டும். ‘ஹேயா’ என்னும் மடத்தில் குருவின்கீழ் அனைவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். இளையவன் விடியுமுன் எழ வேண்டும். வெறும் வயிற்றோடு பயிற்சி செய்ய வேண்டும். ‘சாங்கோ’ என்னும் காய்கறியும் இறைச்சியும் மீனும் சேர்ந்த குழம்பைச் சமைக்க வேண்டும். மூத்தவர்களின் முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அவர்கள் உண்டு எழுந்தபின் மிஞ்சியதை உண்ண வேண்டும். இப்படிப் பல்லாண்டு கிடந்தும் எழுபதுக்குள் நுழையாமலே ஊர் திரும்புவோர் தொகை பெரிது. தொலைபேசித் திரையில் பையன் காண்பது அந்த எழுபதின் முதல் வரிசையை மட்டுமே.

அயல்நாட்டவர்க்கு அங்கே கதவு அடைக்கப்படவில்லை. ஆனால் ஒருக்களித்துத்தான் திறந்திருக்கிறது. ஒரு மடத்துக்கு ஒரே ஓர் அயல்நாட்டவர் என்பது விதி. ஹவாயிலிருந்து 1964-இல் வந்த தகாமியாமா, 1972-இல் பெரும்போட்டியை வென்று, அவ்வாறு வென்ற முதல் அயல்நாட்டவர் எனப் பெயர் பெற்றார். மங்கோலியாவிலிருந்து 2000-இல் வந்த ஒரு பதினைந்து வயதுச் சிறுவனை, எடை 62 கிலோதான் என்று எந்த மடமும் ஏற்கவில்லை. ஊர் திரும்பும் தறுவாயில் ஒரு மடம் இரங்கி இடமளித்தது. அவனே பின்னாளில் 45 பெரும்போட்டிகளை வென்று எவரும் எட்டாத எண்ணிக்கையைத் தொட்ட ஹாகுஹோ. அத்தகையவரும் ஓய்வுக்குப்பின் ‘மூத்தோர்’ என்னும் பதவியில் அமர, 2019-இல் தம் நாட்டுக் குடியுரிமையைத் துறந்து ஜப்பானியக் குடிமகனாக வேண்டியிருந்தது. ஏனெனில் மூத்தோர் இடங்கள் 105. அவை குடிமக்களுக்கே உரியவை. அறுபத்தைந்து வயதுவரை சம்பளமும் மதிப்பும் அவற்றிலேதான். 2021-இல் களத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹாகுஹோ, 2025-இல் அந்தச் சங்கத்தையே விட்டு விலகினார். உடம்பைக் கொண்டு உள்ளே வந்தவனிடம் கடைசியில் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். ரேஷன் அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இரு மாநிலத்து அலுவலகங்களுக்கிடையே நடையாய் நடந்த நம் குடும்பங்களுக்கு இது புதுக்கதை அன்று.

இனி, சுமோவிலிருந்து தாராசிங்குக்கு நம்மை அழைத்துச் செல்பவர் ஒருவர் இருக்கிறார். ரிக்கிடோசான் என்பது அவர் மல்லர் பெயர். கொரியாவில் 1924-இல் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்-ராக். 1940-இல் சுமோவில் அடியெடுத்து வைத்து, 1949-இல் ‘செக்கிவாக்கே’ என்னும் மூன்றாம் தரத்தை எட்டினார். மறு ஆண்டே தம் குடுமியைத் தாமே அறுத்துவிட்டு வெளியேறினார்.

குடுமி அறுப்பது சிறு காரியமன்று. ஓய்வு பெறும் சுமோ மல்லரின் குடுமியைப் பலர் முன்னிலையில், வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து சிறிது சிறிதாகக் கத்தரிக்க, கடைசி வெட்டைக் குரு வெட்டுவது மரபு. மலையினின்று இறங்கி மழித்த தலையோடு சீட்டு வாங்க நிற்போரை நாள்தோறும் காண்பவன் நான். முடியைக் கொடுத்தவர் முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு இருக்கும். தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்ட அந்தக் கொரியனின் முகத்தில் அன்று என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சில காலம் வேலை செய்தபின், 1951-இல் மேல்நாட்டு முறைத் தொழில் மல்யுத்தத்தில் இறங்கினார். 1954-இல் கனடா நாட்டவரான ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து அவர் ஆடிய ஆட்டங்களைத் தெருமுனைகளில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின்முன் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று கண்டனர். போரில் தோற்ற நாட்டுக்கு, அமெரிக்கரை அடித்து வீழ்த்தும் ஒரு வீரன் தேவைப்பட்டான். அந்த வீரன் ஜப்பானியனே அல்லன் என்பது வெளியில் தெரியாதபடி காக்கப்பட்டது. நாகசாகி மாவட்டத்து ஓர் ஊரே அவர் பிறப்பிடம் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. பணிப் பதிவேட்டின் முதற்பக்கத்தையே மாற்றி எழுதிக்கொண்டு வாழ்ந்தவர் அவர்.

1955 நவம்பரில் அவரோடு மோத ஒரு குழு டோக்கியோ சென்றது. அதன் தலைவர் ‘கிங்காங்’. எமில் சாயா என்னும் அங்கேரியர்; மலைபோன்ற உடலும் முகம் நிறைந்த தாடியும் கொண்டவர்; சிங்கப்பூரில் குடியேறியவர். நம் நாட்டு டைகர் ஜோகிந்தர் சிங்கும் தாராசிங்கும் அக்குழுவில் இருந்தனர். ஆசிய இணையர் பட்டத்தைக் கிங்காங்கும் ஜோகிந்தரும் வென்றனர். தனியாள் பட்டத்தை, கிங்காங்கை வீழ்த்தி ரிக்கிடோசான் வென்றார். போட்டி நடந்த குராமாயே மண்டபம் எது தெரியுமா? சுமோப் பெரும்போட்டிகள் அந்நாளில் நடந்துவந்த அதே மண்டபம்! குடுமியை அறுத்துக்கொண்டு போனவன் ஐந்து ஆண்டில் அங்கேயே முடிசூடி நின்றான். பையன் சொன்ன சுமோவும் அப்பா சொன்ன தாராசிங்கும் சந்தித்த இடம் இதுதான்.

தாராசிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காகப் புறப்பட்டவர். பஞ்சாபில் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்மூசக் கிராமத்தில் 1928 நவம்பர் 19-ஆம் நாள் பிறந்தார். உழவர் குடும்பம். நாடு விடுதலை பெற்ற 1947-இல், பத்தொன்பது வயது நிரம்புமுன், சிங்கப்பூர் சென்றார். மல்யுத்தம் செய்யப் போகவில்லை. இரும்புப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். பகலில் பீப்பாய், மற்ற வேளையில் ஹர்னாம் சிங் என்பாரிடம் ‘கிரேட் வோர்ல்டு’ என்ற கேளிக்கைப் பூங்காவில் பயிற்சி. அக்காலச் சிங்கப்பூரில் இத்தகைய பூங்காக்கள் மூன்று இருந்தன. நாடகமும் சினிமாவும் நடனமும் குத்துச்சண்டையும் ஒரே வளைவுக்குள் நடக்கும். துறைமுகத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் உழைத்த நம் தமிழர்களும் சில்லறையை முடிந்து வைத்துக்கொண்டு அங்கே போனார்கள். தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேயா வீரர் பட்டம் பெற்றபின்னரே தாராசிங்குக்கு மல்யுத்தம் தொழிலாயிற்று.

ஆறடி இரண்டங்குல உயரம். ஏறத்தாழ 130 கிலோ எடை. தாயகம் திரும்பி, 1954-இல் டைகர் ஜோகிந்தரை வென்று ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ ஆனார். 1959-இல் கல்கத்தாவில் கனடா நாட்டு ஜார்ஜ் கார்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றார். 1968 மே 29-ஆம் நாள் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம் கொண்டார். இந்த லூ தெஸ் யார் என்றால், 1957-இல் ஜப்பானில் ரிக்கிடோசானோடு ஒரு மணி நேரம் மோதி வெற்றி தோல்வியின்றி இறங்கியவர்; கைதேர்ந்த உண்மை மல்லர்.

சென்னைப் பட்டணத்திலும் தாராசிங்-கிங்காங் மோதல் என்றால் அந்நாளில் கூட்டம் நெருங்கும் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிங்காங் வில்லன்; கோழி முட்டையைக் கூடையோடு விழுங்குபவன் என்று ஊரெல்லாம் பேச்சு. அவனைத் தாராசிங் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி எறிவதைக் காணக் கடன் வாங்கிச் சீட்டு எடுத்தாராம் பாட்டனார். பாட்டியார் அதை மன்னித்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வகைத் தொழில் மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது பெரும்பாலும் முன்னரே பேசி முடிவு செய்யப்படும். வில்லனும் கதாநாயகனும் உண்டு. வீழ்வதற்கும் ஒத்திகை உண்டு. தாராசிங் ஏறத்தாழ ஐந்நூறு ஆட்டங்கள் ஆடி ஒன்றிலும் தோற்றதில்லை என்ற புகழுரையை இக்கண்ணோட்டத்தில் வைத்தே கேட்க வேண்டும். ஆனால் இதனால் அவர் பொய் மல்லர் ஆகிவிடமாட்டார். முடிவு பேசியதாக இருக்கலாம். இருநூறு கிலோவை நெருங்கும் மனிதனைத் தூக்குகிற முதுகு பேசியதன்று. பலகை மேடையில் விழுகிற விலா எலும்பும் ஒத்திகை அறியாது. இதைச் சொன்னால் பையன் சினங்கொள்வான். சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால்தான் தாராசிங்கின் உண்மையான சாமர்த்தியம் புலப்படுகிறது. 1952-இலேயே திரைப்படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார். 1962-இல் வெளிவந்த இந்திப் படமொன்றில் கதாநாயகன். படத்தின் பெயர், வேடிக்கையாக, ‘கிங்காங்’. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகப் பகைவனைத் தூக்கி எறியும் படங்கள் வரிசையாக வந்தன. அவை உயர்ந்த கலை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் கால வரிசையை நோக்குங்கள்: உலகப் பட்டம் 1968, அதற்கு ஆறாண்டு முன்னதாகவே கதாநாயகன்! ஒரு தொழில் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கையிலேயே மற்றொன்றில் கால் ஊன்றிக்கொண்டார். 1978-இல் மொகாலியில் சொந்தமாகப் படப்பிடிப்பு நிலையமே நிறுவினார். 1983-இல் டெல்லியில் கடைசியாக மோதி ஓய்வு பெற்றபோது அவர் வயது ஐம்பத்து நான்கு. ஓய்வுக்குப் பிறகுதான் நாடு முழுவதும் அவரை வீட்டுக்குள் அழைத்தது: 1987 முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இராமாயணத் தொடரில் அவரே அனுமன். 1976-இல் ஒரு திரைப்படத்தில் ஏற்ற வேடம்தான். ஆனால் அறுபதை நெருங்கும் வயதில் மீண்டும் கதையேந்தி நின்றார். 2020-இல் ஊரடங்கின்போது அத்தொடரை மறுபடியும் காட்டினார்கள். எங்கள் வீட்டில் என் தாயார் கைகூப்பிக்கொண்டே பார்த்தார். அஞ்சனாத்திரியே அனுமன் பிறந்த இடம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021-இல் அறிவித்தபோது, என் மனக்கண்ணில் வந்த அனுமன் பஞ்சாபி முகத்தோடுதான் வந்தார் என்றால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2003 முதல் 2009 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர். 2012 சூலை 12-ஆம் நாள் மும்பையில் தம் இல்லத்தில் எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

மற்ற இருவரின் கடைசிப் பக்கங்கள் இத்தனை நீளமில்லை. ரிக்கிடோசான் 1963 டிசம்பர் 8-ஆம் நாள் டோக்கியோவில் ஓர் இரவு விடுதியில் கத்திக் குத்துப்பட்டு, ஒரு வாரத்தில் இறந்தார், வயது முப்பத்தொன்பது. கிங்காங் 1970-இல், அறுபது வயதில், மலேசியாவில் மோட்டார் விபத்தில் அடிபட்டு உயிர் நீத்தார். என் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “எங்கள் கோடி ராமமூர்த்தியை விட்டுவிட்டாயே!” என்று சண்டைக்கு வந்தார். உண்மைதான். ஸ்ரீகாகுளம் பகுதியில் வீரகட்டத்தில் பிறந்து, சர்க்கஸ் நடத்தி, மார்பின்மேல் யானையை நிற்கவைத்து, ஓடும் மோட்டாரைச் சங்கிலியால் இழுத்து நிறுத்தி, ‘கலியுக பீமன்’ எனப் புகழ்பெற்றவர் அவர். பிற்காலத்தில் ஒரு காலை எடுக்க நேர்ந்தது. 1942-இல் ஒரிசாவில் காலமானார். விசாகப்பட்டினம் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலையில் இரு காலும் உண்டு.

அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பையனுக்கு மல்யுத்தம் வேண்டாம் என்று நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தாலும் நிற்க மாட்டான். ஜப்பானியச் சுமோ மடத்துக் கதவு நம் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் அமெரிக்க மல்யுத்தமோ சினிமாவுக்குத் தம்பி. ஆனால் மூன்றாவதாக ஒரு பாதை உண்டு. அது எங்கள் இலாகாவின் வழியாகவே போகிறது. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீட்டில் வேலை தருகிறார்கள். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியான சாக்ஷி மாலிக் வடக்கு ரயில்வே ஊழியராக இருந்தவர். 2024-இல் பாரிசில் வெண்கலம் வென்ற அமன் செராவத்தும் வடக்கு ரயில்வேக்காரரே. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, டெல்லியில் சத்ரசால் அரங்கில் தங்கிப் பயின்றவர். அவர் பதக்கம் வென்ற எடைப் பிரிவு 57 கிலோ. நம் பையன் இப்பொழுதே 71. ஆகவே இன்னும் எவ்வளவு கூட வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. இந்த மல்யுத்தத்தில் யார் வெல்வது என்று யாரும் முன்கூட்டிப் பேசிவைப்பதில்லை. தோற்றாலும், காயம்பட்டாலும், வேலை கையில் இருக்கிறது. மல்லருக்கு ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர்! ஆனால் கீழ்மட்ட வேலைக்குக்கூட அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் பத்தாவது தேறிய சான்றிதழைக் கேட்பார்கள். நானும் அந்த ஒரே சான்றிதழை வைத்துக்கொண்டுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில், நேற்று மாலை பையன் தனியாகவே வந்து நின்றான். அப்பாவுக்குத் தெரியுமா என்றேன், தெரியும் என்றான். இதுவரை எழுதியதை அவனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். ஒத்திகை பற்றிய பகுதியில் முகம் சுளித்தான். அமன் செராவத் வந்த இடத்தை இரண்டு முறை படித்தான்.

“பத்தாவதிலே எத்தனை மார்க் வாங்க வேண்டும், அண்ணா?”

“முதலில் தேறு. பிறகு பார்க்கலாம்.”

“கணக்குதான் இடிக்கிறது,” என்றான் மெல்ல.

பாகாலா வழியாகச் சித்தூர் போகும் வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. அவன் போகிற போக்கில் எடைமேடையைத் திரும்பிப் பார்த்தான். யாரோ பட்டு நெசவாளியின் மூட்டைகள் அதன்மேல் அடுக்கியிருந்தன. வருகிற ஞாயிறன்று கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.